மூன்று ஆக்சஸ் பாயின்ட், மூன்று விதமான லைட்: பிஓஇ பத்தவில்லையா, வேறு கோளாறா?

மாடிவீடு:

வணக்கம். வீட்டில் மூன்று யூனிஃபை பிராண்ட் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையைப் பரப்பும் கருவி, சுருக்கமாக ஏபி) மாட்டியிருக்கிறது. மூன்றும் மூன்று மாதிரி லைட் காட்டுகின்றன. விவரம் முழுக்கத் தருகிறேன், எதை முதலில் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

தரைத்தளத்தில் ஃபைபர் மோடம். அதிலிருந்து ஒரு ரவுட்டர், ரவுட்டரிலிருந்து 8 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்டும் தருவது). சுவிட்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 802.3ஏஎஃப் (பிஓஇ தரத்தின் பெயர்), மொத்தம் 60 வாட் என்று போட்டிருக்கிறது. போர்ட் 1 முதல் 4 வரை கேமரா.

தரைத்தளம்: யூ6 லைட் (Lite, மாடல் பெயர்), போர்ட் 5, புதிதாக மாட்டியது. வெள்ளை லைட் அசையாமல் எரிகிறது. ஆனால் போனில் வைஃபை பெயர் எதுவும் வரவில்லை. கன்ட்ரோலர் (ஏபிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) என் லேப்டாப்பில் இருக்கிறது, அதிலும் இந்த ஏபி தெரியவில்லை. லேப்டாப் இப்போது மோடத்தின் வைஃபையில் இருக்கிறது. முதல் மாடி ஏபியைச் சேர்த்தபோது லேப்டாப்பை சுவிட்சிலேயே கேபிளில் செருகியிருந்தேன்.

முதல் மாடி: யூ6 எல்ஆர், போர்ட் 8, சுமார் 40 மீட்டர் கேபிள். நீல லைட், வைஃபை வேலை செய்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் திடீரென்று அணைந்து, வெள்ளையாக மின்னி, மறுபடி நீலத்துக்கு வருகிறது. பகலில் இந்தத் தொல்லை இல்லை. சுவிட்சில் போர்ட் 5-இன் லிங்க் லைட் பச்சை. போர்ட் 8 கேமரா போர்ட்டுகளைப் போல ஆரஞ்சு.

இரண்டாம் மாடி: இன்னொரு யூ6 லைட். அங்கே இருப்பது பிஓஇ இல்லாத சின்ன சுவிட்ச் என்பதால், பழைய ஏசி லைட் ஏபியோடு வந்த இன்ஜெக்டரை (கேபிளில் கரன்டைச் சேர்க்கும் சின்னப் பெட்டி) வைத்திருக்கிறேன். ஏபியில் லைட்டே வரவில்லை. இன்ஜெக்டரின் லைட் எரிகிறது, மல்டிமீட்டரில் 24 வோல்ட் காட்டுகிறது. ஏபி போய்விட்டதா?

நாற்பத்தெட்டு வோல்ட்:

ஏபி போகவில்லை. இரண்டாம் மாடியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு அளந்து பார்க்க எதுவும் இல்லை.

ஏசி லைட்டோடு வந்த இன்ஜெக்டர் 24 வோல்ட் பாசிவ். 4, 5 பின்களில் பிளஸ், 7, 8 பின்களில் மைனஸ் என்று யாரையும் கேட்காமல் எப்போதும் கரன்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் மல்டிமீட்டரில் நேராக 24 தெரிகிறது. யூ6 லைட்டுக்கு வேண்டியது 48 வோல்ட்: ஏஎஃப் சுவிட்ச், ஏஎஃப் இன்ஜெக்டர், இல்லையென்றால் 48 வோல்ட் பாசிவ். ஏஎஃப் வகைச் சாதனங்களின் உள்ளே வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல் ஏறினால்தான் திறக்கும் ஒரு பூட்டு உண்டு. தரத்தின்படி 42 வோல்ட்டுக்குள் அது திறந்துவிட வேண்டும், 30-க்குக் கீழே போவதற்குள் மூடிவிட வேண்டும். 24 வோல்ட்டில் அது திறக்கவே திறக்காது. லைட் வராது, சேதமும் ஆகாது. 48 வோல்ட் ஏஎஃப் இன்ஜெக்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள், எரியும். யூ6 லைட்டின் உச்சத் தேவை 12 வாட், ஏஎஃப் தாராளமாகப் போதும்.

இதைத் தலைகீழாகச் செய்யும்போதுதான் ஆபத்து. 24 வோல்ட் மட்டுமே தாங்கும் பழைய ஏபியில் 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரைச் செருகினால் உள்ளே இருக்கும் பவர் பகுதி கருகிவிடும். முறையான ஏஎஃப் சுவிட்சில் அதே ஏபியைச் செருகினால் ஒன்றும் ஆகாது. சுவிட்ச் முதலில் 3 முதல் 10 வோல்ட்டுக்குள் சின்னதாக விட்டுப் பார்த்து, எதிரில் சுமார் 25 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தேடும். அது இல்லையென்றால் கரன்டை விடாது. பழைய ஏபி எரியாமல் சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

இதே காரணத்தால் இன்னொரு தவறான முடிவுக்கும் பலர் வருகிறார்கள். பிஓஇ சுவிட்சின் காலிப் போர்ட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, 48 வரவில்லை, போர்ட் செத்துவிட்டது என்று சுவிட்சைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுக்கிறார்கள். காலிப் போர்ட்டில் 48 வரக் கூடாது. தேடும் துடிப்பு மட்டுமே வரும், மீட்டரில் அது தாவித் தாவி ஏதோ ஒரு சின்ன எண்ணாகத் தெரியும். போர்ட் நல்லதா என்று பார்க்க, நன்றாக வேலை செய்யும் ஒரு ஏஎஃப் கேமராவை அதில் செருகிப் பார்ப்பதுதான் சரி.

அடுத்து முதல் மாடி. யூ6 எல்ஆர் ஏஎஃப்-க்கான பொருள் அல்ல, அதற்கு அதைவிட அதிக வாட் தரும் அடுத்த தரமான ஏடி வேண்டும். கணக்கு இப்படி:

2003-இல் வந்த 802.3ஏஎஃப்: போர்ட்டில் 15.4 வாட், 100 மீட்டர் தாண்டி ஏபிக்கு உத்தரவாதமாகக் கிடைப்பது 12.95 வாட்.
2009-இல் வந்த 802.3ஏடி: போர்ட்டில் 30, ஏபியில் 25.5.
2018-இல் வந்த 802.3பிடி: போர்ட்டில் 60 அல்லது 90, மறுமுனையில் 51 அல்லது 71.3.

எல்ஆர் முழு வேகத்தில் ஓடும்போது 16 வாட்டுக்கு மேல் இழுக்கும். பகலில் இரண்டு போன் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதில் பாதிகூட இழுக்காது, அதனால் ஏஎஃப் போர்ட்டிலேயே நீல லைட்டோடு நன்றாக ஓடும். இரவில் எல்லோரும் வீடியோ போட்டதும் இரண்டு ரேடியோவும் விடாமல் அனுப்ப ஆரம்பிக்கும், போர்ட்டின் வரம்பைத் தொடும், சுவிட்ச் போர்ட்டை வெட்டிவிடும். சில நொடியில் மறுபடி தேடி, ரெசிஸ்டரைப் பார்த்து, மறுபடி கரன்டை விடும். ஏபி முதலிலிருந்து பூட் ஆகும். வெள்ளையாக மின்னுவது அதுதான். லைட் எரிகிறது என்பதால் மின்சாரம் போதுகிறது என்று ஆகாது. பூட் ஆவதற்கு வேண்டியது கொஞ்சம்தான், உச்சத் தேவை வேறு.

பெரிய நிறுவன ஏபிகள் பலவற்றில் ஏஎஃப் மட்டும் கிடைத்தால் ரேடியோவின் சில ஸ்ட்ரீம்களையோ யூஎஸ்பி போர்ட்டையோ தாங்களே அணைத்துக்கொண்டு சமாளிக்கும் வசதி உண்டு. அவை விழாது, வேகம் மட்டும் குறையும். காரணம் தெரியாமல் நாள்கணக்கில் சேனலை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

உங்களிடம் சந்தேகப்பட வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. மொத்தம் 60 வாட் என்கிறீர்கள். இருட்டியதும் கேமராக்களின் இன்ஃப்ராரெட் லைட் எரியும், ஒவ்வொன்றும் கூடுதலாகச் சில வாட் இழுக்கும். நான்கு கேமராவும் அதைச் செய்து, எல்ஆரும் உச்சத்துக்குப் போனால் மொத்த வரம்பும் தட்டும். அப்படித் தட்டினால் சுவிட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டை வெட்டும்; முன்னுரிமையை மாற்றாத சுவிட்சுகளில் அது பெரும்பாலும் கடைசி எண் போர்ட். நீங்கள் எல்ஆரைச் செருகியிருப்பதும் 8.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கலாம். எல்ஆரைப் போர்ட் 1-க்கும் அந்தக் கேமராவை 8-க்கும் மாற்றுங்கள். அடுத்த இரவு கேமரா விழுந்தால் மொத்த வரம்பு தட்டுகிறது. எல்ஆர்தான் மறுபடியும் விழுகிறது என்றால் ஒற்றைப் போர்ட் வரம்பு.

அது அணையும் நேரத்தில் சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. போர்ட்டுக்கு இரண்டு லைட் இருக்கும், ஒன்று லிங்க், ஒன்று பிஓஇ. இரண்டும் சேர்ந்து அணைந்தால் கரன்ட் வெட்டப்பட்டது. பிஓஇ லைட் எரிந்துகொண்டே இருக்க, லிங்க் லைட் மட்டும் போய் வந்தால் ஏபி தானாக ரீபூட் ஆனது. அப்போது மின்சாரத்தை விட்டுவிட்டு ஃபர்ம்வேரையும் (ஏபியின் உள் மென்பொருள்) சூட்டையும் பாருங்கள். சீலிங்கில் இருக்கும் லைட் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது, சுவிட்சின் லைட் காட்டும்.

கேபிள்காரர்:

மேலே சொன்ன மின்சாரக் கணக்கு சரி. ஆனால் போர்ட் 8 ஆரஞ்சு என்று சொன்னதை யாரும் விடக் கூடாது. பெரும்பாலான சுவிட்சில் பச்சை என்றால் 1000 எம்பிபிஎஸ், ஆரஞ்சு என்றால் 100 அல்லது 10. கேமரா 100-இல் ஓடுவது இயல்பு. எல்ஆர் 100-இல் ஓடுவது இயல்பு இல்லை. ஒரு கோளாறு மின்சாரத்தில், இன்னொரு கோளாறு கேபிளில் என்று இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

முதலில் சுவிட்ச் முகப்பில் எக்ஸ்டெண்ட் என்று சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கேமராவுக்காக விற்கும் பிஓஇ சுவிட்சுகளில் இது சாதாரணம். அதைத் தள்ளினால் 250 மீட்டர் வரை கேபிள் போகும், பதிலுக்கு வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகிவிடும். சிலவற்றில் எல்லாப் போர்ட்டுக்கும், சிலவற்றில் குறிப்பிட்ட நான்கு போர்ட்டுக்கு மட்டும். அது போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

அணைத்தும் ஆரஞ்சுதான் என்றால் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று விட்டிருக்கிறது. 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு 1, 2, 3, 6 போதும். அதாவது நீலம் அல்லது பழுப்பு ஜோடி எங்கோ அறுந்திருக்கிறது.

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். இரண்டு முனையையும் சுவிட்சிலிருந்தும் ஏபியிலிருந்தும் கழற்றிவிடுங்கள், கரன்ட் உள்ள கேபிளில் ஓம் அளக்கக் கூடாது. மாடி முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, கீழ்முனையில் அதே ஜோடியின் இரண்டு கம்பிக்கு நடுவே ஓம் அளங்கள். ஆர்ஜே45 முனை (நெட்வொர்க் பிளக்) இருந்தால் ஒரு கீஸ்டோனில் (சுவர் சாக்கெட்டின் உள்பகுதி) செருகி, கீஸ்டோன் பின்னாலிருந்து ஜம்பர் போட்டுக்கொள்ளலாம், பிளக்கை வெட்ட வேண்டாம். மீட்டரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் வரும் எண்ணை, பெரும்பாலும் 0.2 முதல் 0.5 வரை இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். இப்படி நான்கு ஜோடிக்கும்.

40 மீட்டருக்கு வர வேண்டியது: 24 கேஜ் (கம்பியின் தடிமன்) சுத்தச் செம்பு என்றால் 6.7 ஓம் அளவில். 23 கேஜ் கேட்6 என்றால் 5.3 அளவில். இதற்குப் பதில் 10-க்கு மேல் வந்தால் கேபிள் செம்பு இல்லை. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய சிசிஏ. உறையில் கேட்6 என்றே அச்சடித்திருப்பார்கள், அதை நம்ப வேண்டாம். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இரண்டு மூன்று தடவை மடக்கினாலே ஒடியும்.

ஒரு ஜோடி ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை, என்று வந்தால் உடனே கேபிளை உருவ வேண்டாம். பெரும்பாலும் கிரிம்ப்பிலோ, கீஸ்டோனில் பஞ்ச் செய்த இடத்திலோதான் விட்டிருக்கும். சிசிஏவில் இது இன்னும் அதிகம், அலுமினியம் கத்திக்கு அடியில் நசுங்கி, நாளாக ஆக்சைடு படிந்து தளர்ந்துவிடும்.

நெறிக்கட்டு:

வெள்ளை லைட் அசையாமல் எரியும் தரைத்தள யூ6 லைட்டுக்கு நான் பதில் சொல்கிறேன். அதற்கு மின்சாரம் சரி, கேபிளும் சரி. பூட் ஆகி முடித்து, தன்னை யாராவது கன்ட்ரோலரில் சேர்ப்பார்களா என்று காத்திருக்கிறது. சேர்க்காத வரை வைஃபை பெயரை ஒலிபரப்பாது, அதனால்தான் போனில் எதுவும் வரவில்லை.

யூனிஃபை லைட்டை நிறத்தால் மட்டும் மனப்பாடம் செய்தால் குழம்பும். ஏபி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். இப்போதைய வெள்ளை-நீல மாடல்களுக்கு:

மின்னும் வெள்ளை: பூட் ஆகிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இதிலேயே சுற்றினால் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள்.
நிலையான வெள்ளை: பூட் முடிந்தது, சேர்க்கப்படவில்லை.
நிலையான நீலம்: சேர்த்தாயிற்று, வேலை செய்கிறது.
நிலையான நீலம், இடையிடையே ஒரு நொடி அணைந்து எரிகிறது: சேர்க்கப்பட்ட ஏபிதான், ஆனால் மேலே போகும் வழி துண்டாகிவிட்டது. கேட்வே (ரவுட்டர்) கிடைக்காமல் தனித்து நிற்கிறது.
வேகமாக மின்னும் நீலம்: கன்ட்ரோலரில் யாரோ அதை எங்கே இருக்கிறது என்று தேடும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கோளாறு இல்லை.
வெள்ளையும் நீலமும் மாறி மாறி: ஃபர்ம்வேர் ஏறுகிறது. எந்தக் காரணத்துக்காகவும் கரன்டை எடுக்காதீர்கள்.
வெள்ளை, நீலம், அணைவு என்று மூன்றும் சுழல்கிறது: மீட்பு நிலை. ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் இப்படி ஆகும். பொத்தானை விட்டுவிட்டு, கேபிளை எடுத்துச் செருகினால் சாதாரணமாக பூட் ஆகும்.

லைட்டே இல்லை என்றால் கரன்ட் இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். படுக்கையறையில் வெளிச்சம் தொல்லை என்று கன்ட்ரோலரில் ஏபி லைட்டை அணைத்து வைக்க முடியும். சுவிட்சில் லிங்க் லைட்டைப் பாருங்கள். அது எரிந்தால் ஏபி உயிரோடுதான் இருக்கிறது.

இந்தப் பட்டியல் யூனிஃபைக்கு மட்டும். ஒரே நிறத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறது. சிஸ்கோ ஏபிகளில் பச்சை, சிவப்பு, ஆம்பர் மாறி மாறி வந்தால் கன்ட்ரோலரைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அங்கே சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. டிபி-லிங்க் இஏபி225 போன்றவற்றில் மின்னும் சிவப்பு உண்மையான சிஸ்டம் கோளாறு, மின்னும் மஞ்சள் ஃபர்ம்வேர். அந்தந்த மாடலின் கையேட்டைப் பார்க்காமல் நிறத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது.

இப்போது உங்கள் ஏபி ஏன் கன்ட்ரோலரில் தெரியவில்லை? சுவிட்ச் ரவுட்டருக்குக் கீழே இருக்கிறது. லேப்டாப் மோடத்தின் வைஃபையில், அதாவது ரவுட்டருக்கு வெளியே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். ஏபி தன்னை அறிவிப்பது யூடிபி 10001 போர்ட்டில், அந்த அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டி மேலே போகாது. லேப்டாப் ஐபியின் மூன்றாவது எண்ணையும், ரவுட்டரின் சாதனப் பட்டியலில் ஏபிக்குக் கிடைத்திருக்கும் ஐபியின் மூன்றாவது எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேறாக இருக்கும்.

லேப்டாப்பைக் கேபிளில் சுவிட்சிலேயே செருகுங்கள். முதல் மாடி ஏபியை அப்படித்தானே சேர்த்தீர்கள். ஒரு நிமிடத்தில் பட்டியலில் வரும். வரவில்லை என்றால் லேப்டாப்பின் ஃபயர்வாலில் டிசிபி 8080, யூடிபி 10001, யூடிபி 3478 மூன்றும் திறந்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸ், புதிய நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டால் இவை அடைபட்டுவிடும்.

ஏபி முன்பு வேறு யாருடைய கன்ட்ரோலரிலாவது இருந்திருந்தால், கரன்ட் இருக்கும்போதே ரீசெட் பொத்தானை 10 நொடி அழுத்திப் பிடியுங்கள். ரவுட்டரிடமிருந்து ஐபி கிடைக்காத யூனிஃபை ஏபி 192.168.1.20 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

மாடிவீடு:

மூவருக்கும் நன்றி. லேப்டாப்பை சுவிட்சில் செருகியதும் தரைத்தள ஏபி வந்துவிட்டது. சேர்த்தாயிற்று, நீலம்.

இரண்டாம் மாடிக்கு 48 வோல்ட் ஏஎஃப் இன்ஜெக்டர் வாங்கினேன், எரிகிறது.

முதல் மாடி: எக்ஸ்டெண்ட் தள்ளு சுவிட்ச் இருக்கிறது, அணைந்துதான் இருந்தது. எல்ஆரைப் போர்ட் 1-க்கு மாற்றினேன், இரவில் அதுவேதான் விழுந்தது, 8-இல் இருக்கும் கேமரா விழவில்லை. பிஓஇ லைட்டும் லிங்க் லைட்டும் சேர்ந்தே அணைந்தன. மீட்டர் முனைகளின் ஓமைக் கழித்து: ஆரஞ்சு ஜோடி 10.8, பச்சை 10.7, நீலம் 10.9, பழுப்பு ஓப்பன்.

இப்போது எல்ஆருக்கு மட்டும் 30 வாட் ஏடி இன்ஜெக்டர் ஒன்று போட்டால் போதுமா, சுவிட்சையே மாற்ற வேண்டுமா? சுவிட்ச் பிஓஇ சுவிட்சாக இருக்கும்போது இன்ஜெக்டரை அதில் செருகலாமா? கேபிளை அவசியம் மாற்ற வேண்டுமா? கரன்ட் போனாலும் வைஃபை ஓட என்ன செய்யலாம்?

நாற்பத்தெட்டு வோல்ட்:

ஒற்றைப் போர்ட் வரம்புதான், உறுதியாகிவிட்டது. ஒரே ஒரு எல்ஆருக்காகச் சுவிட்சை மாற்ற வேண்டியதில்லை, ஏடி இன்ஜெக்டர் போதும். அதன் டேட்டா போர்ட்டை பிஓஇ சுவிட்சில் செருகலாம். முறையான சுவிட்ச் 25 கிலோ ஓமைத் தேடிப் பார்க்கும், இன்ஜெக்டரின் டேட்டா பக்கத்தில் அது இருக்காது, கரன்டை விடாது. சுவிட்சில் அந்தப் போர்ட்டின் பிஓஇ லைட் எரியாமல் லிங்க் லைட் மட்டும் எரிய வேண்டும், அதுதான் சரியான நிலை.

ஆனால் இன்ஜெக்டரை வாங்கிச் செருகுவதற்கு முன்பே பழுப்பு ஜோடியைச் சரிசெய்யுங்கள். உங்கள் ஏபி இத்தனை நாள் எரிந்ததற்குக் காரணம், சுவிட்ச் 1, 2, 3, 6 வழியாகக் கரன்டை அனுப்பியது. இன்ஜெக்டர்களில் பல 4, 5, 7, 8 வழியாகத்தான் அனுப்பும். 7, 8 அறுந்த கேபிளில் அதைச் செருகினால், இப்போது எரியும் ஏபி சுத்தமாக அணைந்துவிடும். புது இன்ஜெக்டர் கெட்டது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

இன்ஜெக்டரில் இரண்டு துளையும் ஒரே மாதிரி இருக்கும், எழுத்தைப் படித்துச் செருகுங்கள். பிஓஇ என்று எழுதியது ஏபிக்கு, லேன் அல்லது டேட்டா இன் என்று எழுதியது சுவிட்சுக்கு. ஏடி இன்ஜெக்டரில் மாறிப் போனால் லைட் வராது, அவ்வளவுதான். பாசிவ் இன்ஜெக்டரில் மாறிப் போனால் சுவிட்சின் அல்லது லேப்டாப்பின் போர்ட்டுக்குள் கரன்ட் நேராகப் போகும், போர்ட் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. உங்களிடம் இருக்கும் பழைய 24 வோல்ட் இன்ஜெக்டரின் மேல் பெரிதாக 24 என்று எழுதி வையுங்கள், வீட்டில் வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.

இன்ஜெக்டர் டப்பாவில் கிகாபிட் என்று இருக்க வேண்டும். 10/100 என்று மட்டும் இருந்தால் நான்கு பின்னைக் கரன்டுக்கே கொடுத்துவிட்டிருப்பார்கள், கேபிளைச் சரிசெய்த பிறகும் 100-ஐத் தாண்டாது.

கேபிள்காரர்:

10.8 என்றால் சிசிஏதான். நாற்பது மீட்டர் செம்பில் அது வராது.

ஆனால் அது கரன்டை எவ்வளவு தின்கிறது என்று பயப்பட வேண்டாம். பிஓஇ ஒரு பக்கம் போக ஒரு ஜோடி, திரும்பி வர ஒரு ஜோடி என்று எடுத்துக்கொள்வதால், வழியின் மொத்த ஓம் நீங்கள் அளந்ததில் பாதி, 5.4. 50 வோல்ட்டில் 16 வாட் என்றால் 0.32 ஆம்பியர். வழியில் விழுவது 1.7 வோல்ட், வீணாவது அரை வாட். இதனால் எல்ஆர் விழவில்லை. கேபிளை மாற்றினால் இரவு ரீபூட் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அது தவறு, ஏஎஃப் போர்ட்டில் எந்தக் கேபிளைப் போட்டாலும் அது விழும்.

சிசிஏவை ஏன் மாற்றச் சொல்கிறேன் என்றால் முனைகளுக்காக. இன்று பழுப்பு, நாளை நீலம். ஒவ்வொரு முறை கரன்ட் ஏறி இறங்கும்போதும் தளர்ந்த இடத்தில் சூடு ஏறும், ஆக்சைடு படியும், ஓம் கூடும். கேபிள் தரத்தில் சிசிஏவுக்கு இடமே இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும். நாலைந்து கேபிளைச் சேர்த்துக் கட்டி ஒரே குழாயில் விட்டு எல்லாவற்றிலும் பிஓஇ ஓட்டினால் சூடு இன்னும் கூடும்.

இப்போதைக்கு இரண்டு முனையையும் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம். சீலிங் முனையில் ஆர்ஜே45-ஐவிட கீஸ்டோனில் பஞ்ச் செய்து, அதிலிருந்து அரை மீட்டர் பேட்ச் கார்டு போட்டு ஏபிக்குக் கொடுப்பதே நல்லது. சுவருக்குள் இருக்கும் விறைப்பான கம்பியைச் சீலிங்கில் ஆட்டி ஆட்டிச் செருகுவதால்தான் பின் 8 பக்கம் ஒடிகிறது. கட்டிய பிறகு நான்கு ஜோடியையும் மறுபடி அளங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக வர வேண்டும். ஒன்று மட்டும் அரை ஓம் தள்ளி நின்றால் அந்த முனையை மறுபடி கட்டுங்கள்.

அடுத்து எப்போது குழாயைத் திறக்கிறீர்களோ அப்போது சுத்தச் செம்பு, 23 கேஜ் கேட்6 இழுத்துவிடுங்கள். ரோலை வாங்கும்போது அங்கேயே ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். எடையையும் தூக்கிப் பாருங்கள், அலுமினிய ரோல் கையிலேயே தெரியும்.

நெறிக்கட்டு:

கரன்ட் போனாலும் ஓட வேண்டும் என்பதற்கு மட்டும் பதில்.

கடைகளில் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன டிசி யூபிஎஸ்களில் பிஓஇ என்று ஒரு துளை இருக்கும். அது பெரும்பாலும் 15 அல்லது 24 வோல்ட் பாசிவ். உங்கள் மூன்று ஏபிக்கும் உதவாது, இரண்டாம் மாடியில் பார்த்த அதே இருட்டுதான் மிஞ்சும். அந்த யூபிஎஸ்ஸை 12 வோல்ட் மோடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏபிகளுக்குச் சாதாரண 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்று போதும். அதில் சுவிட்ச், ரவுட்டர், எல்ஆரின் இன்ஜெக்டர் மூன்றையும் தரைத்தளத்திலேயே செருகுங்கள். இன்ஜெக்டரை மாடியில் ஏபிக்குப் பக்கத்தில் வைக்காமல் கீழே சுவிட்சுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்: கீழே கரன்ட் இருந்தால் கேபிள் வழியாக மாடிக்கும் போய்விடும். இரண்டாம் மாடியில் இன்ஜெக்டரும் சின்ன சுவிட்சும் தனியாக இருப்பதால் அங்கே தனி யூபிஎஸ் வேண்டும், இல்லையென்றால் கீழேயிருந்து ஒரு கேபிள் இழுக்க வேண்டும். எப்படியும் குழாயைத் திறக்கும்போது இதையும் சேர்த்து இழுத்துவிடுங்கள்.

அந்த யூபிஎஸ்ஸின் உள்ளே வழக்கமாக 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, காகிதத்தில் 84 வாட்-ஹவர். ஏசியாக மாற்றுவதில் போகும் நஷ்டம், வேகமாக இழுத்தால் பேட்டரி முழுதாகக் கொடுக்காதது எல்லாம் போக 50 அளவில் கிடைக்கும். ஏபிகள், ரவுட்டர், கேமராக்கள் சேர்ந்து 50 வாட் என்றால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கேமராக்களின் இன்ஃப்ராரெட் இரவில் எரியும்போது அதைவிடக் குறையும்.

வீட்டில் பெரிய இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் யூபிஎஸ் மோட் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், அந்த இடைவெளியில் சுவிட்ச் ரீசெட் ஆகிவிடும். கரன்ட் வந்துவிட்டாலும் மூன்று ஏபியும் வெள்ளையாக மின்னி முடித்து நீலத்துக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஒவ்வொரு முறை கரன்ட் போகும்போதும் இது நடந்தால் முதலில் அந்தத் தேர்வைப் பாருங்கள்.